ஸ்டிக்கர் என்று நீ சொன்ன சுவர்

மக்கா,

இதை வாய்ஸ் நோட்டாகப் போட்டிருக்கலாம். போட்டால் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவாய், நடுவில் தள்ளிவிடுவாய், கடைசியில் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு ஆபீஸ் வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் டைப் பண்ணுகிறேன். கடையில் இருந்துதான் எழுதுகிறேன். ஆதார் கார்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் போட்டுத் தா என்று ஆள் வந்துகொண்டே இருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் விட்ட இடம் மறந்துபோகிறது, திரும்ப முதலில் இருந்து வாசிக்கிறேன். காலையில் இருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. ஒருவர் கலர் காப்பி கேட்டார், கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கொடுத்துவிட்டு வசவு வாங்கினேன்.

விஷயம் இதுதான். நீ கட்டப்போகும் பெண் எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். "அத்தை, உங்க ஹால் சுவத்துல ஒட்டியிருக்க அந்த ஸ்டிக்கர் லிங்க் அனுப்புவீங்களா? எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு." கூடவே ஒரு போட்டோ, அவளுடைய மாமா ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தபோது எடுத்தது. பதற்றத்தில் நான் உடனே திறந்துவிட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது. பார்க்கவில்லை என்று இனி சொல்ல முடியாது. அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அதற்கு நான் என்ன பதில் அனுப்ப, நீயே சொல். உனக்கு இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. மீட்டிங்காக இருக்கும். ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறியதில் இருந்து உனக்கு மீட்டிங்காகவே இருக்கிறது.

எனக்கு இந்தக் கறுப்பு மார்க்கர் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிறேன். நீ பெங்களூருக்குப் போன வருஷம், மதியச் சாப்பாடு முடிந்து பள்ளிக்கூடம் விடுகிற வரைக்கும் கடையில் ஈ கூட வராது. எனக்குச் சும்மா இருக்க வராது என்பது உனக்குத் தெரியும். கை ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகத்தைக் கடிப்பேன், ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து அறுப்பேன். அப்படி ஒரு மத்தியானம் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. ஏதோ பனி பெய்கிற நாடு. ஒரு பெண், முகத்தைக் காட்டவே மாட்டாள். இரண்டு கை, ஒரு வெள்ளைத் தாள், ஒரு கறுப்பு மார்க்கர், அவ்வளவுதான். அவள் பேசுவது எந்த மொழி என்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கோடு போடும்போது மூச்சை அடக்குவது எனக்குக் கேட்கும். நானும் அடக்குவேன். அவள் லைவ் வந்தால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். ஒரு தடவை நான் போட்ட கமென்டுக்கு அவள் ஹார்ட் போட்டாள், மக்கா! அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரின்ட் எடுத்து, லேமினேஷனும் பண்ணிவிட்டேன். உன் அப்பா சாப்பிட வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னட்டி, கேரளா லாட்டரி அடிச்சிருக்கா?" என்றார். லாட்டரி அடித்தால்கூட நான் அப்படிக் குதித்திருக்க மாட்டேன்.

கடையில் கெட்டுப்போன தாளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பக்கம் யாருடைய சாதிச் சான்றிதழோ, யாருடைய ரேஷன் கார்டோ கோணலாக விழுந்திருக்கும், மறுபக்கம் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையில்தான் படித்தேன். முதலில் ஒரு சதுரம் போட வேண்டும். அதற்குள் இன்னொரு சதுரம், ஆனால் மூலையில் இருந்து இல்லை, மூலைக்குக் கொஞ்சம் தள்ளித் தொடங்க வேண்டும். அதற்குள் இன்னொன்று, இன்னும் கொஞ்சம் தள்ளி. உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் மார்க்கர் முனை நுழையவும் இடம் இருக்காது. போட்டது எல்லாமே நேர்கோடுதான். வளைவு என்று ஒன்றுகூட என் கை போடவில்லை. ஆனால் தாளைத் தூக்கிப் பார்த்தால் சதுரம் சுழல்கிறது! மடையைத் திறந்தால் குளத்துத் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குமே, அப்படி இறங்குகிறது. முதல் முதலாக அது என் தாளில் சுழன்றபோது நான் கடையை விட்டு வெளியே ஓடி, பஸ்ஸுக்கு நின்ற யாரோ ஒரு அம்மாவிடம் காட்டினேன். அந்த அம்மா பயந்துபோய், "நமக்கு ஒண்ணும் வேண்டாம் மோளே" என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

இதில் பென்சில் கிடையாது, அழிப்பதும் கிடையாது. மார்க்கர் வைத்தால் வைத்ததுதான். ஆன்லைனில் சிலர், இந்தப் படத்தில் தப்பு என்ற ஒன்றே இல்லை, எல்லாமே அழகுதான் என்று மெதுவான மியூசிக் போட்டுச் சொல்வார்கள். நம்பாதே. தப்பு உண்டு. ஒரு கோடு கோணிவிட்டால், அதன் பக்கத்தில் அதே மாதிரி கோணலாக இன்னும் நாலு கோடு போட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு டிசைன் என்று தோன்றும். ஆனால் போட்டவளுக்கு எந்தக் கோடு முதலில் கோணியது என்று தெரியும். எத்தனை நாள் ஆனாலும் கண் அங்கேதான் போய் நிற்கும். எனக்கு ஒவ்வொன்றும் தெரியும்.

நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? உனக்கு ஐஸ் வாங்கித் தரவில்லை என்ற கோபம்தான் நினைவிருக்கும். அங்கே ஒரு நடையில் மரச் சட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்த ஜன்னல் இருக்கும். வெயில் அதன் வழியே வந்து, வழுவழு என்று இருக்கிற கறுப்புத் தரையில் சின்னச் சின்னக் கட்டமாக விழுந்து கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஏன் என்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை. வண்டி ஆரன் அடித்தது. நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய், அப்பா வாசலில் நின்று கத்தினார், நான் ஓடி வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அரண்மனைக்குப் பக்கத்துத் தக்கலை வழியாகப் போயிருக்கிறோம், ஒரு தடவைகூட இறங்கவில்லை. அன்றைக்குப் பாதியில் விட்டு வந்த ஒன்றைத்தான் இப்போது பார்த்து முடிக்கிறேனோ என்று சில நேரம் தோன்றும். அப்படியெல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை, கை அரிக்கிறது, அதனால் வரைகிறேன் என்றும் தோன்றும். இரண்டுமே இருக்கலாம்.

சரி, சுவர் கதைக்கு வருகிறேன். பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்று நாள் குறித்ததும் அப்பா ஹாலுக்குப் பட்டி பார்த்து, வெள்ளை எமல்ஷன் அடிக்கச் சொன்னார். அந்த வீட்டுக்கு நான் வந்த நாளில் இருந்து அந்தச் சுவர் சொரசொரப்புதான். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு தடவை அடித்த பிறகு பார்த்தால், ஐயோ, தாள் மாதிரி இருக்கிறது! நான் போய்ப் போய்த் தடவினேன். அப்பா, "கை அழுக்குப் பிடிக்கப் போகுது, சும்மா இரி" என்றார். மறுநாள் சோபாவைத் திரும்ப உள்ளே போடும்போது அதன் கால் இடித்து, ஜன்னலுக்குக் கீழே ஒரு கீறல் விழுந்தது. அப்பா வண்டியில் பூ லோடு ஏற்றத் தோவாளைச் சந்தைக்குப் போயிருந்தார். கீறல் தெரியாமல் இருக்கட்டும் என்று அதைச் சுற்றி ஒரு சின்ன முக்கோணம் போட்டேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். முக்கோணம் தனியாக அனாதை மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒன்று போட்டேன். இரண்டும் சேர்ந்தால் ஒரு சதுரம் வந்துவிட்டதே. சதுரம் வந்தால் சுழல விடாமல் இருக்க முடியுமா? அப்பா திரும்பி வந்தபோது ஜன்னலில் இருந்து வாசல் நிலை வரைக்கும் பாதிச் சுவர் போயிருந்தது. மீதிப் பாதியை அடுத்த நாட்களில் முடித்தேன். பாதியில் விட்டால் இன்னும் மோசமாக இருக்குமே, அதனால்.

தாளில் மணிக்கட்டை ஆட்டினால் போதும், சுவரில் தோளில் இருந்து இழுக்க வேண்டும் என்று அந்தப் பனி நாட்டுப் பெண் செய்து காட்டியிருந்தாள். முதல் நாள் தோள் கழன்றுவிடும் போல வலித்தது. இரண்டாம் நாள் கோடு தானாக ஓடியது. மார்க்கர் முனை சுவரில் பட்டுப் பட்டுப் பஞ்சாகிவிடும், அதைக் கடை ஸ்டாக்கில் இருந்து மாற்றிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டுப் பகவதி அக்கா சீனி வாங்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏட்டி, இது கல்யாண வீடா, கேத வீடா? கறுப்புல கோலம் போட்டு வச்சிருக்கியே!" என்றார். கோலம் இல்லக்கா என்றேன். "பின்ன என்ன, மந்திரவாதமா?" என்றார். ஆனால் சீனியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, ஒரு சதுரம் முடியும் வரை பார்த்துவிட்டுத்தான் போனார். போகும்போது, "கிறுகிறுன்னு வருது கேட்டியா, ஆனா கண்ண எடுக்க முடியல்ல" என்று சொன்னார். எனக்கு அது போதும்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ வீடியோ காலில் வந்தாய். நான் போனைத் திருப்பிச் சுவரைக் காட்டினேன். நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நெட் நின்றுபோய்விட்டது என்று நினைத்து, கேட்கிறதா கேட்கிறதா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். "அம்மா, ஞாயித்துக்கிழமை அவங்க வாறாங்க. ஜெபராஜண்ணன வரச்சொல்லி மறுபடி வெள்ளை அடிச்சிரு" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணிவிட்டாய். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் கோபம் இல்லை. உன் கல்யாணக் காரியம். நானே பெயின்டர் ஜெபராஜைக் கூப்பிட்டேன். அவன் வாசல் பக்க மூலையில் தொடங்கினான். அடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், வெள்ளைக்கு உள்ளே இருந்து கோடுகள் ஊதா நிறத்தில் மெல்ல மெல்ல மேலே வருகின்றன. திரும்ப அடித்தான். திரும்ப வந்தது. "எக்கா, இது என்ன மையி? உள்ள இருந்து முழிச்சுப் பாக்குதே!" என்றான். வேறு ஏதோ ஆயில் பிரைமர் முதலில் அடித்துக் காயவைத்தால்தான் நிற்கும், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போகும்போது வாசலில் நின்று, "இது இருந்தா என்னக்கா? பாக்க நல்லா, கொள்ளாமத்தானே இருக்கு" என்றும் சொன்னான். அவன் அப்பக்கம் போனதும் நான் அந்த ஊதா மூலையைத் திரும்பக் கறுப்பாக்கினேன். ஏன் மறைக்க, உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ காலையில் வந்து இறங்கினாய். சுவரைப் பார்த்தாய், குளிக்கப் போய்விட்டாய். வரும் என்று நான் நினைத்த சண்டை வராததே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பலகாரத்துக்கு முந்திரிக்கொத்து சுட்டு அடுக்கினேன், அதைத் திரும்பத் திரும்ப அடுக்கினேன். பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அவளுடைய அம்மா, அப்பா, தாய்மாமா, மாமி. மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பார்த்துவிட்டார். நான் அடுக்களை நிலையில் டீத் தட்டோடு நிற்கிறேன். தட்டில் டம்ளர்கள் கிலுகிலு என்று பேசின.

"அம்மோ, சுவரு கொள்ளாமே! இது எங்க பிடிச்சிய? பெயின்டிங்கா, ஸ்டிக்கரா?" என்று மாமா உன்னைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, "ஸ்டிக்கர் மாமா. ஆன்லைன்ல வாங்குனது" என்றாய். மாமா விடவில்லை. "ஒட்டுனது ஆரு? ஒரு சுருக்கம் இல்லியே!" "அதுக்குன்னு ஆளு வந்து ஒட்டிட்டுப் போனாங்க." "நம்ம ஊருலயா?" "நாரோயில்ல இருந்து வந்தாங்க." ஒரு கோடு கோணியதும் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே போனாய், மக்கா. இவ்வளவு வேகமாக நான்கூடப் போட மாட்டேன். மாமி என் பக்கம் திரும்பி, "மைனி, லிங்க் அனுப்புங்க, எங்க வீட்டு மாடிக்கும் ஒண்ணு வாங்கணும்" என்றார். நான் சிரித்தேன். டீயைக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். அப்பா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று போட்டோ எடுத்தார்.

அவர்கள் போன பிறகு நான் உன்னைக் கேட்டேன். "ஏம்ல அப்பிடிச் சொன்ன?" நீ பையில் துணியை அடுக்கிக்கொண்டே, "பின்ன என்ன சொல்லச் சொல்லுத? வீட்டுச் சுவத்துல முழுக்க இப்பிடிக் கிறுக்கி வச்சிருக்கான்னு சொன்னா, மாமியாருக்கு மனசு சரியில்லையோன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்றாய். அப்பா உள்ளே இருந்து, "விடுங்க ரெண்டு பேரும். கல்யாணம் முடியட்டும், பிறகு மெதுவா சொல்லிக்கலாம்" என்றார். அவர் எதையும் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பார், பூ வாடுவதற்குள் ஓட்டுகிற வண்டியை மட்டும்தான் வேகமாக ஓட்டுவார். நீ பஸ்ஸுக்குக் கிளம்பினாய். நான் வாசல் வரை வந்தேன். நீ சுவரைத் தாண்டும்போது திரும்பவில்லை.

மனசு சரியில்லையோ என்பதை நான் இந்த நாட்களில் நிறைய யோசித்தேன். ஒருவேளை அப்படியும் இருக்கலாம். ஓர் இடத்தில் என்னால் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஆட்டுவேன், நீயே சின்ன வயதில் என் முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். கோடு போடும்போது மட்டும்தான் அந்தக் கால் நிற்கும். அதற்கு ஒரு பெயர் இருந்தால் இருக்கட்டும். நெட்டில் தேடினால் ஒரு பெயர் கண்டிப்பாகக் கிடைக்கும், நான் தேடவில்லை. ஆனால் மக்கா, உனக்கு ஐந்து வயதில் மண்டைக்காட்டுக் கோயில் கொடையில் நீ தொலைந்து போனாயே. கூட்டத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தேன், திரும்பினால் உன்னைக் காணவில்லை. உயிர் போய்விட்டது எனக்கு. அப்போது மைக்கில் ஒருவர் அறிவிக்கிறார்: "பச்சை சேலை உடுத்திய, பயங்கரச் சத்தமாகச் சிரிக்கிற அம்மா எங்கிருந்தாலும் உடனே வரவும்." அம்மாவுக்கு அடையாளம் சொல் என்று போலீஸ்காரர் கேட்டாராம், நீ இதைச் சொன்னாயாம். அந்த இடமே சிரித்தது. நான் அழுதுகொண்டே ஓடி வந்தபோது போலீஸ்காரர், "எங்க, ஒருக்கா சிரிச்சுக் காட்டுங்கம்மா, சரியான ஆளான்னு பாக்கணும்" என்றார். அத்தனை பேர் நடுவில், என் அம்மா இப்படித்தான் என்று அடித்துச் சொன்ன பிள்ளை நீ. ஞாயிற்றுக்கிழமை வந்தது ஐந்து பேர்கூட இல்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நீ ஸ்டிக்கர் என்றபோது நான் பேசியிருக்கலாம். இல்லண்ணே, நான் வரைஞ்சது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? உன் முகம் விழுந்துவிடுமே என்று பேசவில்லை. இப்படித்தான் வீடுகளில் நடக்கிறது. ஒருவர் ஒன்று சொல்வார், மற்றவர்கள் டீ கொடுப்பார்கள், ஃபேனைப் பார்ப்பார்கள், எல்லாரும் சேர்ந்து அதை உண்மையாக்கிவிடுவார்கள். நான் சண்டைக்காக இதை எழுதவில்லை. நீ கல்யாணம் பண்ணப்போகிறாய். அந்தப் பெண்ணுக்கும் ஏதாவது ஒரு பைத்தியம் இருக்கும். இல்லாத ஆள் உண்டா? செடிகளோடு பேசுவாளோ, பாட்டைத் தப்பும் தவறுமாகச் சத்தமாகப் பாடுவாளோ, என்னவோ. அதை நீ ரசிக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. உன் ஃபிரெண்ட்ஸ் வீட்டுக்கு வந்து, இது யார் செய்தது என்று கேட்கும்போது, அவள் தட்டோடு நிலையில் நின்றுகொண்டிருக்கும்போது, கடையில் வாங்கியது என்று மட்டும் சொல்லிவிடாதே. பிடிக்காவிட்டால் அவளிடம் சொல், கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போடு, கத்து. வந்தவர்கள் முன்னால் அவள் கையை வெட்டி எடுத்து ஒளித்துவைக்காதே. வலிக்கும். எனக்கு நான் நினைத்ததைவிட அதிகமாக வலித்தது, இன்னும் வலிக்கிறது, அதனால்தான் ஜெராக்ஸ் எல்லாம் கோணலாக விழுகிறது.

இனி அவளுக்கு என்ன எழுத? காலையில் இருந்து டைப் பண்ணி டைப் பண்ணி அழிக்கிறேன். அழிக்கிற வேலையே எனக்குப் பழக்கம் இல்லை. "ஸ்டாக் தீர்ந்துபோச்சு மோளே" என்று எழுதினேன், அழித்தேன். "லிங்க் தேடிப் பாக்கேன்" என்று எழுதினேன், அழித்தேன். சும்மா ஏதாவது ஒரு ஸ்டிக்கர் லிங்க்கை எடுத்து அனுப்பிவிடலாம் என்றுகூடப் பார்த்தேன். நிறைய இருக்கிறது, விலையும் மலிவு, பூ, பறவை, மான். கறுப்பு முக்கோணமும் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தேன், என் கோடு மாதிரி இல்லை, நேராக, செத்த மாதிரி கிடந்தது. அனுப்ப மனசு வரவில்லை. உண்மையை எழுதினால் உன்னைப் பொய்க்காரன் ஆக்குகிறேன். இன்னும் நிச்சயம்கூட முடியவில்லை, அதற்குள் மாமியார் மகனைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஆகிவிடுமோ என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு காலேஜ் பிள்ளை புராஜெக்ட் பிரின்ட் எடுக்க வந்தாள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் நீ கட்டப்போகிறவளிடமிருந்து இன்னொரு மெசேஜ். நான் பதில் போடாததால் கோபப்பட்டிருப்பாளோ என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன். மாமா எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். மேல் ஓரத்தில் விரலால் ஒரு சிவப்புக் கோடு போட்டுக் காட்டி எழுதியிருக்கிறாள்:

"அத்தை, இது மேல கூரை வரைக்கும் போகல. அங்கங்க உயரமா, ரெண்டு பக்கமும் இறங்கி வளைஞ்சு வளைஞ்சு நிக்கு. ஒரு ஆள் ஒவ்வொரு இடமா நின்னு கைய நீட்டினா எட்டுற அளவு. ஸ்டிக்கர் இப்பிடி வராதுல்லா. இது உங்க கைதானா?"

நான் இதுவரை கவனிக்கவே இல்லை, மக்கா. அவ்வளவு நாள் அந்தச் சுவரின் முன்னாலேயே நின்றேன், எனக்கு அது தெரியவில்லை. இங்கே எழுந்து நின்று, கையைத் தூக்கிப் பார்த்தேன். ஜெராக்ஸுக்கு வந்தவர் என்னம்மா பல்லியா என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

யோசிக்கவே இல்லை, "ஆமா மோளே, என் கைதான்" என்று அனுப்பிவிட்டேன். உடனே அவள் ஒரு பத்து ஹார்ட் போட்டாள். பனி நாட்டுப் பெண்கூட எனக்கு ஒன்றுதான் போட்டிருக்கிறாள்! இதை எப்படிப் போட்டீர்கள், ஸ்கேல் வைத்தா, கல்யாணத்துக்கு அப்புறம் எனக்குச் சொல்லித் தருவீர்களா என்று மேலே மேலே கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன். விரல் பறந்தது. பிறகு கொஞ்ச நேரம் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நின்றது. திரும்பக் காட்டியது. கடைசியில் ஒரே ஒரு வரி வந்தது.

"அவருக்கு இது தெரியுமா அத்தை?"

தெரியாது என்று நான் எழுதினால் கதை இத்தோடு முடிந்துவிடும். அவனுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் ஸ்டிக்கர் என்று அவனிடம் சொல்லியிருந்தேன், பாவம் நம்பிவிட்டான் என்று எழுதிவிடலாம். அவள் சிரிப்பாள், நீ தப்பித்துவிடுவாய். எந்த அம்மாவும் அதைத்தான் செய்வாள், என் விரலும் அதைத்தான் டைப் பண்ணியது. அதையும் அழித்துவிட்டு வேறு ஒன்று எழுதி அனுப்பினேன். "அத அவன்கிட்டயே கேளு மோளே. அவன் இன்னிக்கு உன்ன கூப்பிடுவான்." நீல டிக் விழுந்துவிட்டது. அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

மீட்டிங்கில் இருந்து எழுந்து வெளியே வா, மக்கா.

அம்மா